கடைவீதியைத் திறப்பதா, நடைவீதியாகவே விடுவதா?

வாசகர் கேள்வி – பதில்

பாதாளச் சாக்கடை வேலைக்காக ஏழு மாதம் முன்பு அடைத்த கடைவீதி. வேலை முடிந்தும் இரண்டு முனையிலும் தடுப்பு அப்படியே நிற்கிறது. நகர்மன்றத்தில் பாதிப் பேர் உடனே திறக்கச் சொல்கிறார்கள். மீதிப் பேர் இப்படியே விட்டு, மக்கள் நடக்கவும் உட்காரவும் இடமாக்கச் சொல்கிறார்கள். தென்மாவட்ட நகராட்சி ஒன்றின் வியாபாரிகள் சங்கச் செயலாளர் இப்படி எழுதியிருந்தார். ஊர்ப்பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அவருடைய கேள்வியும், அதையொட்டி வந்த மற்றவர்களின் கேள்விகளும் கீழே.

கேள்வி: எங்கள் வீதி 420 மீட்டர் நீளம், சுவருக்குச் சுவர் 11 மீட்டர். ஜவுளி, பாத்திரம், நகை, வளையல் கடைகள் அதிகம். கிழக்கு முனையில் நான்கு இரும்புக்கடைகள். அடைத்ததிலிருந்து வியாபாரம் பாதியாகிவிட்டது என்கிறார்கள் உறுப்பினர்கள். இதைக் காட்டியே திறக்கச் சொல்லலாமா?
– சங்கச் செயலாளர்

பதில்: அந்தக் கணக்கு நிற்காது. ஏழு மாதமும் வீதி பள்ளமாகக் கிடந்தது. தூசி, ஜேசிபி சத்தம், பலகை மேல் ஏறிக் கடைக்குள் போக வேண்டிய நிலை. வியாபாரம் படுத்தது வண்டி வராததாலா, பள்ளத்தாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

தரையைச் சரிசெய்து ஒரு மாதம் பழையபடி வண்டி விடுங்கள். அடுத்த மாதம் அடையுங்கள். இரண்டு மாதமும் எண்ணுங்கள். பொங்கல் கழிந்து மார்ச் வரை இதற்கு ஏற்ற காலம். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முன்பும் எண்ணினால் எது செய்தாலும் கூட்டம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கெடுத்துவிடும்.

எண்ணுவதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். இரண்டு முனை, நடுவில் ஓர் இடம், ஆக மூன்று நாற்காலி. வீதிக்குக் குறுக்கே ஒரு கோடு. காலை 8 முதல் இரவு 9 வரை ஒவ்வொரு மணியிலும் முதல் 15 நிமிடம் கோட்டைக் கடப்பவர்களை எண்ணி நாலால் பெருக்கினால் அந்த மணி நேரத்துக்கான எண்ணிக்கை கிடைக்கும். நடப்பவர், சைக்கிள், டூவீலர், ஆட்டோ, கார், சரக்கு வண்டி எனத் தனித்தனிக் கட்டம் போடுங்கள். டூவீலரில் பின்னால் உட்கார்ந்து வருபவரையும் குறியுங்கள். இதை விட்டுவிட்டால் வண்டிகளுக்கான ஆள் கணக்கு தப்பாகும். சாதாரண செவ்வாய் அல்லது புதன், ஒரு சனி, ஒரு ஞாயிறு, ஒரு முகூர்த்த நாள் போதும். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இதை நன்றாகவே செய்வார்கள்.

திறந்திருக்கும் மாதத்தில் இன்னொன்றும் பாருங்கள். இரண்டு முனையிலும் வண்டிகளின் கடைசி நான்கு எண்ணையும் நேரத்தையும் குறியுங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் வீதியைக் கடக்க ஒன்றே முக்கால் நிமிடம்கூட ஆகாது. மேற்கே நுழைந்த எண் மூன்று நிமிடத்துக்குள் கிழக்கே வெளியேறினால் அந்த வண்டி எந்தக் கடையிலும் நிற்கவில்லை. குறுக்குவழிக்காக வந்த அந்த ஆளை இழந்தால் உங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு ரூபாயும் நட்டமில்லை.

விற்பனைத் தொகையை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார், கேட்காதீர்கள். பில் எண்ணை மட்டும் கேளுங்கள். காலை முதல் பில்லின் எண்ணுக்கும் இரவு கடைசி பில்லின் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் போதும். பத்துப் பதினைந்து கடை ஒத்துழைத்தால் போக்கு தெரிந்துவிடும். வண்டி வழக்கம்போல் ஓடும் இன்னொரு கடைத்தெருவிலும் இதே கணக்கை எடுத்து வையுங்கள். ஊர் முழுக்க வியாபாரம் மந்தமான மாதத்தில் பழி உங்கள் வீதி மேல் விழாமல் இருக்க அது உதவும்.

கடைசியாக, கடையிலிருந்து வெளியே வரும் முந்நூறு பேரிடம் எதில் வந்தீர்கள் என்று கேளுங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு கடைத்தெரு வியாபாரிகள், தங்கள் வாடிக்கையாளரில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாக நினைத்தார்கள். கேட்டுப் பார்த்ததில் 22 சதவீதம்தான். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு வாசலில் நிற்கும் கார் தெரியும். பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தவர் எப்படி வந்தார் என்பது தெரியாது.

எங்கள் கணிப்பு இது: மொத்த ஆட்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நடப்பவர்களாகவும், வண்டிகளில் பாதிக்கு மேல் நிற்காமல் போகிறவையாகவும் இருந்தால், வீதியை நடப்பவர்களுக்கே விட வலுவான காரணம் இருக்கிறது. இரண்டில் ஒன்று மட்டும் தேறினால் மாலை நேரத்துக்கு மட்டும் அடைக்கலாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையை மாலை 6 முதல் மறுநாள் காலை 7.30 வரை அடைக்கிறார்கள். பகலில் வண்டி ஓடுகிறது. இரண்டுமே தேறாவிட்டால் திறந்துவிடுங்கள்.

கேள்வி: வீதியை அடைக்க யாருக்கு அதிகாரம்? எங்கள் வார்டில் கவுன்சிலரே தடுப்பு வைத்துவிட்டார்.
– வழக்கறிஞர், திண்டுக்கல்

பதில்: கவுன்சிலருக்கு அந்த அதிகாரம் கிடையாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. மாநில அரசோ, அது அதிகாரம் அளித்த அதிகாரியோ ஒரு சாலையில் வண்டிகளைத் தடைசெய்யலாம், நேரம் வகுக்கலாம். மாநகரங்களில் பொதுவாகக் காவல் ஆணையர், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியர். அரசிதழில் அறிவிக்கை வர வேண்டும். ஆனால் தடை ஒரு மாதத்துக்கு மேற்படாவிட்டால் அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை, உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும் என்று அதே பிரிவில் சலுகை இருக்கிறது. முதல் பதிலில் சோதனைக்கு ஒரு மாதம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மன்றத் தீர்மானம், காவல்துறைப் போக்குவரத்துப் பிரிவின் கருத்து, தீயணைப்பு நிலையத்தின் கடிதம் மூன்றையும் இணைத்து ஆட்சியருக்கு அனுப்புங்கள். உத்தரவில் அடைக்கும் நேரம், விலக்கு பெறும் வண்டிகள், மாற்றுவழி எல்லாம் எழுத்தில் வர வேண்டும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு, கழிவுநீர் லாரி, குடியிருப்பவர் வண்டி என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட வேண்டும். "அவசிய வண்டிகள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் முதல் வாரத்திலேயே எல்லா வண்டியும் அவசியமாகிவிடும்.

கேள்வி: சோதனை மாதத்துக்கு என்னென்ன பொருள் வேண்டும்? நகராட்சியில் காசில்லை.
– கவுன்சிலர், விருதுநகர் மாவட்டம்

பதில்: காசு இருந்தாலும் இப்போதைக்குச் செலவழிக்காதீர்கள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009 மே மாதம் பிராட்வே சாலையை அடைத்தபோது அங்கே முதலில் போட்டவை மலிவான மடக்கு நாற்காலிகள். பலன் தெரிந்த பிறகுதான் தரையை உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள்.

உங்களுக்கு வேண்டியவை சிமென்ட் கிணற்று உறை, பெயின்ட், பெஞ்ச், நாலு ஆள். மூன்றடி விட்டம், ஓரடி உயர உறையில் மண் நிரப்பினால் மண் மட்டுமே 300 கிலோ தேறும். இரண்டு ஆள் சேர்ந்து தள்ளி வழி ஏற்படுத்த முடியாது. அடியில் ஜல்லி போட்டு, தண்ணீர் வடிய வழி விட்டு, புங்கன் கன்றோ செம்பருத்தியோ வையுங்கள். தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் தடுப்பு வாங்கினால் அதில் மணலைப் போடுங்கள். மூடி காணாமல்போன தடுப்பு ஒவ்வொன்றும் டெங்கு கொசுத் தொட்டி.

முதல் கேள்வியில் வந்த 11 மீட்டர் அகல வீதியை இப்படிப் பிரிக்கலாம்: இரண்டு சுவரோரமும் படிக்கட்டுக்கும் ஜவுளிக்கடைப் பொம்மை நிறுத்தவும் தலா அரை மீட்டர். ஒரு பக்கம் 2.5 மீட்டர் நடைபாதை. வணிகப் பகுதிகளுக்கு, சாலைத் தரநிலைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பு சொல்லும் குறைந்தபட்சத் தடையற்ற அகலம் அதுதான். அடுத்து 4 மீட்டர் வெறும் தரை. அதற்கப்பால் 2 மீட்டரில் மரம், பெஞ்ச், தள்ளுவண்டி. மிச்சம் 1.5 மீட்டர் எதிர்ப்பக்கக் கடைகளுக்கு முன் நடக்க. மாலை 3 மணிக்கு எந்தப் பக்கம் வெயில் விழுகிறதோ அந்தப் பக்கம் மரம் வர வேண்டும்.

நடுவிலுள்ள 4 மீட்டரை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தீயணைப்பு வண்டியே ஏறக்குறைய 2.5 மீட்டர் அகலம். ஆள் இறங்கிக் குழாய் இழுக்க இருபுறமும் இடம் வேண்டும். உயரமான கட்டடங்களுக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 6 மீட்டர் கேட்கிறது. அப்படிக் கட்டடம் இருந்தால் அதன் எதிரே பெஞ்சையும் மரத்தையும் விட்டு 6 மீட்டர் கொடுங்கள். பச்சை நிழல்வலை கட்டுவதானால் தரையிலிருந்து 5 மீட்டருக்கு மேலே கட்ட வேண்டும்.

கேள்வி: பிளாக் நட்டு வைத்தாலும் டூவீலர் சந்துக்குள் நுழைகிறது. எவ்வளவு நெருக்கமாகத் தூண் வைக்க வேண்டும்?
– வாசகர், ஈரோடு

பதில்: தூண் வைத்து டூவீலரைத் தடுக்கவே முடியாது. சக்கர நாற்காலி தட்டாமல் போகக் குறைந்தது 90 செ.மீ. வேண்டும், தாராளமாகப் போக 1.2 மீட்டர். சாதாரண பைக்கின் ஹேண்டில்பார் 70 முதல் 80 செ.மீ. சக்கர நாற்காலி நுழையும் எந்த இடைவெளியிலும் பைக் நுழையும். பைக் நுழையாத இடைவெளியில் சக்கர நாற்காலியும், குழந்தை வண்டியும், தள்ளுவண்டியும் நுழையாது. ரயில் நிலைய வாசலில் வைப்பதுபோல வளைந்து போகும் இரும்புத் தடுப்பைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருக்கும்போது அதை வைத்தால் வழக்கில் தோற்பீர்கள்.

ஆகவே தூண் காருக்கு, ஆள் டூவீலருக்கு. ஒவ்வொரு முனையிலும் இரண்டு ஷிப்டாக ஓர் ஊர்க்காவல் படை வீரரையோ காவலாளியையோ முதல் மூன்று மாதமாவது நிறுத்துங்கள். நடுவில் குறுக்குச் சந்து வந்து சேர்ந்தால் அங்கும் ஆள் வேண்டும். பெரும்பாலான வீதிகளில் ஓட்டை அங்கேதான்.

காவலாளியைவிட முக்கியமானது நிறுத்துமிடம். முனையிலிருந்து 150 முதல் 200 மீட்டருக்குள் வண்டி நிறுத்த இடமில்லையென்றால் எந்தக் காவலும் பலிக்காது. ஒரு டூவீலருக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர், காருக்கு 2.5-க்கு 5. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்து பைக் தாராளமாக நிற்கும். எனவே இருக்கிற இடத்தை முதலில் டூவீலருக்குக் கொடுங்கள்.

கேள்வி: லோடு எப்படி இறக்குவது? எனக்கு இரும்புக்கடை. 40 அடி கம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு 200 மீட்டர் நடக்கச் சொல்வீர்களா?
– அதே வீதியிலிருந்து ஒரு வியாபாரி

பதில்: சொல்லமாட்டோம். கம்பி, சிமென்ட், தகரம், பிளைவுட் கடைகள் நடைவீதியில் பிழைக்காது. வாங்குபவரே வண்டியோடு வருகிறவர். நடைவீதியைக் கிழக்கே உங்கள் நான்கு கடைகளுக்கு முன்பாகவே முடித்துவிட்டு, அந்தத் துண்டில் வண்டி விடுவதே சரி. 420 மீட்டரும் அடைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. மொத்த வியாபாரத் தெருவென்றால் அடைக்கும் யோசனையே வேண்டாம். மதுரை கீழமாசி வீதி மாதிரி நாள் முழுக்க மூட்டை இறங்கும் இடத்தில் பெஞ்ச் போட்டால் அதன் மேல் மூட்டைதான் உட்காரும்.

மற்ற கடைகளுக்கு நேரம் வகுக்கலாம். காலை 10 மணிக்கு முன்பும் இரவு 9.30-க்குப் பின்பும் சரக்கு வண்டி உள்ளே வரலாம். ஜவுளிக்கும் பாத்திரத்துக்கும் இது போதும். பால், ரொட்டி, மருந்து பகலிலும் வரும். அவற்றுக்கு இரு முனையிலும் ஏற்றி இறக்கும் இடம் ஒதுக்குங்கள். குட்டியானை ஒன்று நின்று, பின்கதவைத் திறந்து, ஆள் நின்று இறக்க 6 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம் வேண்டும். அங்கிருந்து நாலு சக்கர டிராலி. முனைக்கு இரண்டு டிராலியைச் சங்கமே வாங்கி வைக்கலாம்.

சிக்கல் வருவது சுமைப்பணித் தொழிலாளர் கூலியில். வண்டி கடைவாசலில் நிற்பதற்கென்று பேசிய கூலி அது. தூரம் கூடினால் அவர்கள் கூட்டிக் கேட்பது நியாயம். சோதனை தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசி, 50 மீட்டர் வரை ஒரு கூலி, அதற்கு மேல் ஒரு கூலி என்று எழுதிக்கொள்ளுங்கள். இதைப் பேசாமல் தொடங்கினால் சோதனை சரக்கு இறக்கும் இடத்திலேயே முடங்கும்.

கேள்வி: அம்மா அந்த வீதியில் 20 வருடமாகப் பூ விற்கிறார். அழகுபடுத்துகிறோம் என்று சொல்லித் துரத்திவிடுவார்களா?
– கல்லூரி மாணவி

பதில்: துரத்தப் பார்ப்பார்கள். 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் உங்கள் அம்மா பக்கம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. அகற்றுவதோ இடம் மாற்றுவதோ 30 நாள் முன்னறிவிப்புக்குப் பிறகுதான். இந்தச் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் ஊரில் அந்தக் குழு கூடியதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அம்மா விற்கும் இடத்தில் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். நகராட்சி எப்போதாவது தரைவாடகை வசூலித்திருந்தால் அந்த ரசீதைத் தேடி எடுங்கள். அதைவிட நல்ல சாட்சி இல்லை.

திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு சொன்ன 2 மீட்டர் பட்டையில் 1.2-க்கு 1.8 மீட்டர் தள்ளுவண்டி நன்றாகவே நிற்கும். வண்டிகளையும் பூக்கூடைகளையும் வரைபடத்தில் முதலிலேயே போட்டுவிடுங்கள். மாலை 7 மணிக்குமேல் ஒரு வீதியில் பெண்கள் பயமில்லாமல் நடக்க விளக்குக் கம்பத்தைவிட அங்கே உட்கார்ந்திருக்கும் நாலு வியாபாரப் பெண்கள் அதிகம் உதவுவார்கள்.

கேள்வி: அமெரிக்காவிலேயே நடைவீதிகளை மூடிவிட்டு வண்டி விட்டுவிட்டார்களே? தோற்றுப்போன யோசனையை நாம் ஏன் கையில் எடுக்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கோவை

பதில்: தகவல் சரி. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் 1959-ல் அமெரிக்காவின் முதல் நடைவீதி வந்தது. 1998-ல் ஒரு பகுதியில் வண்டி விட்டார்கள். சிகாகோவின் ஸ்டேட் தெருவில் 1979-ல் பஸ்ஸைத் தவிர மற்ற வண்டிகளை நிறுத்தி, 1996-ல் திரும்ப விட்டார்கள். கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் 1964-ல் அடைத்த புல்டன் தெரு 2017-ல் திறந்தது.

இவை நொடித்ததன் காரணம் வேறு. நகர மையத்திலிருந்து மக்கள் வீட்டைக் காலிசெய்து புறநகருக்குப் போய்விட்டார்கள். அங்கே இலவசமாகக் கார் நிறுத்த இடத்தோடு பெரிய வணிக வளாகங்கள் வந்தன. அலுவலகம் விட்டதும் மையத்தில் ஆளே கிடையாது. அந்தச் சரிவைத் தடுக்கத்தான் வீதியை அடைத்தார்கள். ஆள் இல்லாத ஊரில் அடைத்த வீதியிலும் ஆள் இல்லை. பக்கத்திலேயே பல்கலைக்கழகமும் குடியிருப்பும் இருந்த போல்டர் நகரின் பேர்ல் தெரு 1977-லிருந்தும், பர்லிங்டனின் சர்ச் தெரு 1981-லிருந்தும் இன்றுவரை நடப்பவர்களுக்கே. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் ஸ்ட்ரோகெட் தெரு 1962-லிருந்து.

நம் கடைவீதியில் மாடியிலும் பின்சந்திலும் குடும்பங்கள் இருக்கின்றன, பஸ் நிலையம் நடக்கிற தூரத்தில். ஆள் பஞ்சம் நமக்கு வராது. நம் நடைவீதிகள் கெட்டுப்போவது அடைத்த பிறகு பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால். தில்லி சாந்தினி சவுக்கை 2021-ல் செங்கோட்டையிலிருந்து பதேபுரி மசூதி வரை சீரமைத்து, காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டி கூடாது என்றார்கள். காவல் தளர்ந்த நேரத்திலெல்லாம் பைக்கும் ஆட்டோவும் உள்ளே. மீதி இடத்தில் சைக்கிள் ரிக்ஷா நெரிசல். கட்டும் செலவோடு ஐந்து வருடக் காவல், துப்புரவுச் செலவையும் ஒரே தீர்மானத்தில் நிறைவேற்றாத மன்றம் வீதியைத் திறந்துவிடுவதே மேல்.

கேள்வி: எங்கள் வீதியில்தான் வருடம் ஒருமுறை தேர் வரும். தூண், பெஞ்ச், மரம் என்று வைத்தால் தேர் எப்படிப் போகும்?
– கோயில் கட்டளைதாரர், தஞ்சை மாவட்டம்

பதில்: தேரின் அகலத்தோடு இரு பக்கமும் வடம் பிடிப்பவர்களுக்கும் முட்டுக்கட்டை போடுபவர்களுக்கும் இடம் சேர்த்து அளந்து, அந்தப் பட்டைக்குள் நிலையான எதையும் வைக்கக் கூடாது. தூண்கள் கழற்றக்கூடியவையாக இருக்கட்டும். தரைக்குள் இரும்புக் குழி, அதில் செருகிப் பூட்டும் தூண், கழற்றியதும் குழியை மூட மூடி. அந்தச் சாவி தேர்த் திருவிழாவன்று யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதி வையுங்கள்; பல ஊர்களில் வெல்டிங் கட்டரைக் கொண்டுவந்து தூணை அறுப்பது இதனால்தான். வழவழப்பாக மெருகேற்றிய கிரானைட் வேண்டவே வேண்டாம், முட்டுக்கட்டை பிடிக்காது. தேர் திரும்பும் முனையில் பேவர் கல்லைத் தவிர்த்து கான்கிரீட் போடுங்கள்.

மதுரையில் நடைவீதியும் தேர்வீதியும் இயல்பாகவே தனித்தனியாக அமைந்திருக்கின்றன. கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் வண்டி கிடையாது. சித்திரைத் தேர் ஓடும் மாசி வீதிகளில் வண்டி உண்டு.

கேள்வி: பேவர் பிளாக்கா, கருங்கல்லா? போட்ட ஆறு மாதத்தில் ஏன் பெயர்ந்துவிடுகிறது?
– நகராட்சி ஒப்பந்ததாரர்

பதில்: பேவர் போதும். 60 மி.மீ. கல் வாங்கி ஏமாறாதீர்கள். அது இலகுவான போக்குவரத்துக்கு. நடைவீதியிலும் விடியற்காலை சரக்கு லாரியும் கழிவுநீர் லாரியும் வரும். 80 மி.மீ. கனம், எம்-40 தரம் (கான்கிரீட்டின் வலிமை) குறைந்தபட்சம். லாரி நிற்கும் முனைகளில் 100 மி.மீ., எம்-50.

பெயர்வதற்குக் காரணம் பெரும்பாலும் கல்லில் இல்லை. ஓரத்தில் கான்கிரீட் கட்டு இல்லையென்றால் வரிசை வெளிப்புறமாக நகரும். இடைவெளி விரிந்து மணல் கொட்டும். கல் ஆடத் தொடங்கும். அடுத்தது, பாதாளச் சாக்கடைப் பள்ளத்தை ஒரே மூச்சில் மூடுவது. 20 செ.மீ.க்கு ஓர் அடுக்காக மண்ணைப் போட்டு, நீர் தெளித்து இறுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் மழையில் பள்ளம் போன தடத்திலேயே தரை நீளமாக இறங்கும். கல்லுக்கு அடியில் மணல் 3 முதல் 4 செ.மீ. போதும், மேடுபள்ளத்தை மணலால் நிரவினால் அந்த இடம் அமுங்கும். இணைப்பில் உலர்ந்த நைஸ் மணலைத் தூவி, அதிர்வுத் தட்டை ஓட்டி, ஒரு வாரம் கழித்து மறுபடி தூவ வேண்டும். அந்த இரண்டாவது தூவலுக்கு யாரும் வருவதில்லை.

மேன்ஹோல் மூடி வாங்கும்போது மேலே பொறித்த எழுத்தைப் பாருங்கள். கனரக வண்டியைத் தாங்கும் எச்.டி. 20 அல்லது இ.எச்.டி. 35 இருக்க வேண்டும். நடைவீதிதானே என்று இலகுரக எல்.டி. 2.5 போட்டால் முதல் லாரியில் உடையும். மூடி தரைமட்டத்துக்கு வர வேண்டும். தரைச்சரிவு 50-க்கு 1, மழைநீர் ஓரக் கால்வாயை நோக்கி. மரத்தைச் சுற்றி 1.2 மீட்டர் சதுரம் மண்ணாகவே இருக்கட்டும்.

கேள்வி: கடைவீதியை அடைத்ததும் எல்லா வண்டியும் எங்கள் தெருவில் வருகிறது. பள்ளிக்கூடம் இருக்கிறது. எங்களைப் பற்றி யாருக்கும் கவலையில்லையா?
– பின்தெருவில் குடியிருப்பவர்

பதில்: எல்லா வண்டியும் வராது, ஆனால் கணிசமாக வரும். பதினோரு நாடுகளில் வண்டிகளுக்கான சாலை இடத்தைக் குறைத்த எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களை ஆராய்ந்ததில், பாதி இடங்களில் பழைய வண்டிகளில் 11 சதவீதத்துக்கு மேல் சுற்றுவட்டத்தில் எங்குமே தென்படவில்லை; ஆட்கள் நேரத்தையோ வழியையோ வாகனத்தையோ மாற்றிக்கொண்டார்கள். மீதி வண்டிகள் பக்கத்துத் தெருக்களில்தான். எனவே எண்ணும் நாற்காலிகளில் ஒன்று உங்கள் பள்ளி வாசலில் இருக்க வேண்டும் என்று இப்போதே மனு கொடுங்கள். உங்கள் தெருவையும் அடுத்த இணைத் தெருவையும் எதிரெதிர் ஒருவழியாக்கலாம். வேகத்தடை கேட்டால் முறையானதைக் கேளுங்கள்: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், வெள்ளைக் கோடு, முன்னெச்சரிக்கைப் பலகை. முதுகை ஒடிக்கும் குறுகிய மேடு ஆம்புலன்ஸைத்தான் வாட்டும்.

கேள்வி: தி.நகர் பாண்டி பஜாரைப் போலச் செய்துவிட்டால் என்ன?
– வாசகி, சென்னை

பதில்: 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைவளாகத்தில் வண்டியைத் தடுக்கவில்லை, நடுவில் ஓடுகிறது. இருபுறமும் நடைபாதையை அகலமாக்கினார்கள், அவ்வளவுதான். தெருவோர வியாபாரிகளை அதற்கு முன்பே, 2013-ல், தனிக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பாண்டி பஜார் இருக்கும் தியாகராய சாலை அளவுக்கு அகலம் இருந்தால் இது நல்ல நடுவழி. முதல் கேள்வியில் வந்த 11 மீட்டர் வீதியில் இது நடக்காது. இரண்டு வண்டித்தடம் போக மிஞ்சுவது ஒரு பக்கத்துக்கு இரண்டரை மீட்டர்கூட இல்லை. அதிலும் பைக் ஏறி நிற்கும்.

கேள்வி: பொது இடம் என்று ஆகிவிட்டால் கட்சிக்காரர்கள் மேடை போட்டுவிடுவார்களே?
– டீக்கடைக்காரர்

பதில்: போடுவார்கள், கோயில் விழாவுக்கும் கல்யாணத்துக்கும் கேட்பார்கள். அடைக்கும் தீர்மானத்திலேயே விதியைச் சேர்த்துவிடுங்கள்: மாதத்துக்கு இத்தனை நாள்தான், முன்பணம் இவ்வளவு, நடுவிலுள்ள 4 மீட்டரில் மேடை கூடாது, மறுநாள் காலை 6 மணிக்குள் காலி செய்ய வேண்டும். பந்தல் கால் நட பேவரைப் பெயர்ப்பார்கள். அதைத் தடுக்க, தரை போடும்போதே 3 மீட்டருக்கு ஒன்றாக 50 மி.மீ. ஜி.ஐ. குழாயைக் கான்கிரீட்டில் அரை மீட்டர் ஆழத்துக்குப் பதித்து, திருகு மூடி போட்டுவிடுங்கள். குழாயின் அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் நிற்கும். மூடிகள் பித்தளையில் வேண்டாம், திருடு போகும்.